நான்காவது சுரப்பி

சுண்டெலிக்கு ஐந்து ஜோடிப் பால்சுரப்பிகள். கழுத்தடியில் ஆரம்பித்துத் தொடை இடுக்கு வரை, தோலை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். பெண் எலிக்கு மட்டும்தான். ஆண் எலிக்குக் காம்புகூடக் கிடையாது. கருவில் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அந்த மொட்டுகளை அழித்துவிடுகிறது. இந்தப் பத்துச் சுரப்பிகளில் எங்கள் லேபில் அதிகம் வேலை வாங்குவது நான்காவது ஜோடியிடம்தான். மார்புப் பக்கத்துச் சுரப்பிகள் தசையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிரித்து எடுப்பதற்குள் பாதி கிழிந்துபோகும். நான்காவது அப்படியில்லை. அடிவயிற்றுத் தோலின் உட்புறத்தில் தட்டையாக, அகலமாகப் படிந்திருக்கும். தோலை விரித்துக் குண்டூசி குத்தியதும் அதன் முழு வடிவமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஒரு நிணநீர் முடிச்சு உண்டு, ரத்தக் குழாய்கள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அதுதான் எங்கள் மைல்கல். எந்த அளவை எடுத்தாலும் அங்கிருந்துதான் எடுப்போம்.

லேபுக்குப் புதிதாக வருபவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சமீபத்தில் சேர்ந்த பையனும் கேட்டான். "அக்கா, மெழுகில் பதிச்சு மைக்ரோடோம் மெஷினில் மெல்லிசாச் சீவினாலே செல் செல்லாத் தெரியுதே. அப்புறம் எதுக்கு முழுசா அப்படியே சாயம் போடணும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல், பழைய சீவல் ஸ்லைடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். கொழுப்புக்கு நடுவே மூன்று வட்டங்கள். "இதில் எத்தனை குழாய்?" என்று கேட்டேன். "மூணு" என்றான். ஒரே குழாய் வளைந்து வளைந்து போனாலும் மூன்று வட்டம்தான் தெரியும் என்றேன். மூன்று தனிக் குழாய்களாக இருந்தாலும் அதேதான். ஒன்று மூன்றாகப் பிரிந்திருந்தாலும் அதேதான். பையன் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான், மறுபடி மைக்ராஸ்கோப்பைப் பார்த்தான். 5 மைக்ரான் சீவல் என்றால், ஒரு மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டுவதற்கே 200 சீவல் வேண்டும். அத்தனையையும் வரிசை மாறாமல் பிடித்து, சாயமேற்றி, அடுக்கிப் பார்த்தால் கிளைப்பு தெரியும்தான். யார் செய்வது?

செல்லைப் பற்றிக் கேள்வி என்றால் சீவல் போதும். எந்தச் செல் பிரிகிறது, எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் அதுதான் சரியான வழி. குழாய் எவ்வளவு தூரம் வளர்ந்தது, எத்தனை முறை பிரிந்தது, நுனி எங்கே நிற்கிறது என்பது கேள்வியானால் உறுப்பை வெட்டாமல் முழுதாகப் பார்த்தே ஆகவேண்டும். இந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு தீர்மானமான கருத்து உண்டு: படம் நன்றாக வருமா வராதா என்பது மைக்ராஸ்கோப் அறைக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கேமராவையும் லென்ஸையும் குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்படி விரித்தீர்கள்?" என்றுதான்.

விரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். செய்முறைக் குறிப்புகளில் இதற்கு அரை வரிதான் ஒதுக்குவார்கள்.

எலியின் வயிற்றை 70 சதவீத ஆல்கஹாலால் நன்றாக நனைத்துவிட்டுத்தான் தோலைத் திறக்க வேண்டும். கிருமிக்காக மட்டும் இல்லை, முடிக்காகவும்தான். ஈர முடி தோலோடு படிந்து கிடக்கும். காய்ந்த முடி பறந்து வந்து சுரப்பியில் ஒட்டும். ஒட்டிய முடியைப் பிறகு எடுப்பது பெரிய தொல்லை. சுரப்பியை வெட்டி எடுத்த உடனே அது சுருங்கி உருண்டுகொள்ளும். அதை ஸ்லைடின் மேல் வைத்து, இரண்டு இடுக்கிகளால் ஓரத்தைப் பிடித்து, உடலில் எப்படிக் கிடந்ததோ அதே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் பிடித்தால் குழாய் நசுங்கும், நசுங்கிய இடம் சாயத்தில் கறுத்த திட்டாகத் தெரியும். வெறும் கொழுப்பாக இருக்கும் விளிம்பாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். ரொம்ப இழுத்தால் குழாய்களின் நீளம் கூடிவிடும். ஒரு எலிக்கு அதிகம் இழுத்து இன்னொன்றுக்குக் குறைவாக இழுத்தால், நீங்கள் பிறகு அளக்கப்போவது எலியை அல்ல, உங்கள் கையை.

விரித்ததும் உடனே திரவத்தில் போட்டுவிடக்கூடாது. கண்ணாடியில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் தர வேண்டும். முந்திக்கொண்டால் திரவத்தில் இறங்கியதும் சுரப்பி கழன்று மிதந்து சுருண்டுவிடும். தாமதித்தால் மேற்பரப்பு காய்ந்து மொறமொறப்பாகி, அந்த இடத்தில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். இதற்குக் கடிகாரம் உதவாது. அறையின் ஈரப்பதம், சுரப்பியின் தடிமன், எலியின் வயது எல்லாவற்றையும் பொறுத்து நேரம் மாறும். நான் பார்ப்பது பளபளப்பை. ஸ்லைடைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பில் ஈர மினுக்கம் மங்கி, நடுவில் மட்டும் மிச்சம் இருக்கும் ஒரு தருணம் வரும். அப்போது இறக்கினால் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இறக்குவது கார்னாய் என்ற பதப்படுத்தும் திரவத்தில். எத்தனால் 6 பங்கு, குளோரோஃபார்ம் 3 பங்கு, அசெட்டிக் அமிலம் 1 பங்கு. ஆல்கஹாலும் அமிலமும் புரதங்களை இருந்த இடத்திலேயே உறையவைக்கும், குளோரோஃபார்ம் கொழுப்பைக் கரைக்கும். பால்சுரப்பியில் பெரும்பகுதி கொழுப்புதான் என்பதால் இந்த இரண்டாவது வேலை ரொம்ப முக்கியம். ஃபார்மலினில் பதப்படுத்தினாலும் நடக்கும், ஆனால் அப்புறம் அசெட்டோனில் ஊறப்போட்டுத் தனியாகக் கொழுப்பெடுக்க வேண்டும். கார்னாயை எப்போதும் கண்ணாடி ஜாடியில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுடுக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். குளோரோஃபார்முக்குப் பிளாஸ்டிக் என்றால் சாப்பாடு.

அடுத்த நாள் சுரப்பி வெள்ளை வெளேரென்று இருக்கும். அதிலிருந்து படிப்படியாகத் தண்ணீருக்கு இறக்க வேண்டும், ஏனென்றால் சாயம் தண்ணீரில் கரைந்தது. கார்மைன் என்பது கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு. அதைப் படிகாரத்தோடு சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தைமால் படிகம் ஒன்றைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்போம். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம்தான் சாயத்தைத் திசுவோடு பிணைத்து நிறுத்துகிறது. செல்லின் உட்கரு அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழாய்ச் சுவரில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் உட்கருவும் நெருக்கம், ஆகவே அடர் சிவப்பு. கொழுப்புச் செல் ஒவ்வொன்றும் பெரிய பந்து, உட்கரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்; எனவே பின்னணி வெளிறி இருக்கும். குழாயை மட்டும் தேடிப் பிடிக்கும் தனித்திறமை எதுவும் இந்தச் சாயத்துக்கு இல்லை. நெருக்கத்தைத்தான் காட்டுகிறது. நிணநீர் முடிச்சு கன்னங்கரேலென்று தெரிவதும் அதனால்தான். இதைப் புரிந்துகொண்டவர்கள் அடர்த்தியான அழற்சித் திட்டைப் பார்த்துக் குழாய் என்று குழம்பமாட்டார்கள்.

சாயம் அதிகமாகிவிட்டால் பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 70 சதவீத ஆல்கஹாலில் வைத்தால் மெல்ல இறங்கும். பிறகு மறுபடி ஆல்கஹால் படிகளில் ஏற்றம்: 70, 95, 100. கடைசியில் திசுவைக் கண்ணாடி போலத் தெளியவைக்கும் சைலீன். இந்த 100 என்பது நிஜமாகவே 100 ஆக இருக்க வேண்டும். பலபேர் ஒரே ஜாடியில் ஸ்லைடை முக்கி முக்கி எடுப்பதில் தண்ணீர் சேர்ந்துவிடும். தண்ணீர் மிச்சமிருந்தால் சைலீனில் பால் போலக் கலங்கல் திட்டுகள் தெரியும். அப்படியானால் சைலீனிலேயே இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்ப்பது வீண், புது ஆல்கஹாலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சரியாக வந்த ஸ்லைடைச் சைலீனிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. கொழுப்பு காணாமல் போயிருக்கும். சிவப்புக் கிளைகள் மட்டும் கண்ணாடிக்குள் நிற்கும்.

அதில் என்ன தெரியும் என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வார எலியில் காம்புப் பக்கத்தில் சின்னக் கிளைப்பு, அவ்வளவுதான்; முடிச்சைக்கூட எட்டியிருக்காது. ஐந்து, ஆறு வாரத்தில் பூப்பு ஹார்மோன்களின் வேகத்தில் குழாய்கள் முடிச்சைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நுனியும் தடித்து உருண்டிருக்கும். இவைதான் நுனி மொட்டுகள். குறுக்களவு 100 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் மொட்டாகக் கணக்கில் எடுப்போம். கொழுப்பைத் துளைத்துக்கொண்டு முன்னேறுவதும், போகிற வழியில் பிரிந்து புதுக் கிளை உண்டாக்குவதும் இந்த மொட்டுகளின் வேலை. பத்துப் பன்னிரண்டு வாரத்தில் குழாய்கள் கொழுப்பின் எல்லையைத் தொட்டதும் மொட்டுகள் மறைந்துவிடும், நுனிகள் மொட்டையாகிவிடும். கருவுற்றால் பக்கக் கிளைகளும் பால்பைகளும் புறப்படும். பாலூட்டும் காலத்தில் கொழுப்பே தெரியாத அளவுக்கு நிறைந்துவிடும். குட்டிகள் பாலை மறந்ததும் அத்தனையும் சரிந்து, சில வாரங்களில் பழையபடி வெறும் கிளைகள். உடம்பில் வேறு எந்த உறுப்பு பிறந்த பிறகு இவ்வளவு கட்டி, இவ்வளவு இடித்து, மறுபடி கட்டுகிறது?

இதனால்தான் ஒப்பிடும்போது ஒரே ஈற்றுக் குட்டிகளாக எடுக்கிறோம். இரண்டு நாள் வயது வித்தியாசம்கூட ஐந்து வாரத்தில் மொட்டின் இடத்தை மாற்றும். வளர்ந்த எலியானால் பருவச் சுழற்சி வேறு. நான்கைந்து நாளுக்கு ஒரு சுற்று, அதில் எந்த நாளில் எடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பக்கக் கிளைகள் கூடும், குறையும். யோனிப் பூச்சு எடுத்துச் செல்களைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளாமல், "மருந்து கொடுத்த எலியில் கிளை அதிகம்" என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இனவகையும் முக்கியம். பால்ப்-சி எலியில் இயல்பாகவே பக்கக் கிளைகள் அதிகம், சி57 பிளாக் 6-இல் குறைவு. ஒன்றின் படத்தை இன்னொன்றின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் முடிவே தலைகீழாகலாம்.

படம் எடுப்பதற்கு, ஆச்சரியப்படாதீர்கள், சாதாரணத் தட்டை ஸ்கேனர் போதும், ஃபிலிம் ஸ்கேன் செய்யும் கீழ்வெளிச்ச வசதி இருந்தால். 2400 டிபிஐ என்றால் ஒரு புள்ளிக்குச் சுமார் 10.6 மைக்ரான். 100 மைக்ரான் மொட்டை எண்ணுவதற்கு அது தாராளம். முழுச் சுரப்பியும் ஒரே படத்தில் வரும், ஒட்டுப்போட்ட வெளிச்சக் கோடுகள் இருக்காது, அளவு எப்போதும் மாறாது. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் நுனிகளை நெருக்கத்தில் எடுக்கலாம்; ஆனால் பெரிதாக்கத்தை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு அந்தத் தொகுதி முடியும்வரை குமிழைத் தொடக்கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் அழகு பார்த்துப் பெரிதாக்கத்தை மாற்றியவர்கள் பிறகு அளவுகோலைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பது ஃபிஜி என்ற கணினி மென்பொருளில். முடிச்சின் நடுவிலிருந்து மிகத் தூரத்து நுனி வரை எத்தனை மில்லிமீட்டர், மொட்டு எத்தனை, கிளைப்பு எத்தனை. கிளைகளின் நெருக்கத்துக்கு ஷோல் முறை உண்டு: ஒரு மையத்தைச் சுற்றி வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்தையும் எத்தனை கிளை வெட்டிப் போகிறது என்று எண்ணுவது. 1953-இல் பூனை மூளையின் நரம்புச் செல்களுக்காக உண்டான முறை இது, பால்சுரப்பிக்கும் அப்படியே பொருந்துகிறது. எண்ணுபவருக்கு எந்த ஸ்லைடு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. எந்த எண் எந்தக் குழு என்று எழுதிய காகிதத்தை இன்னொருவர் வைத்திருக்கட்டும்.

கார்மைனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தட்டையான நிழல் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும் இரண்டு குழாய்கள் அதில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாகத் தெரியும். எந்தச் செல் எது என்றும் தெரியாது. அதற்குத்தான், குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடியும், திசுவைத் தெளியவைக்கும் முறைகளும்.

திசு ஏன் ஒளியை மறைக்கிறது? தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. கொழுப்புக்கும் புரதத்துக்கும் அதைவிட அதிகம். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திரும்பித் திரும்பிச் சிதறிவிடுகிறது. தண்ணீரை எடுத்துவிட்டு, புரதத்தின் எண்ணுக்கு நெருங்கிய திரவத்தை நிரப்பினால் சிதறல் அடங்கும். எண்ணெய் பட்ட காகிதத்தில் அடுத்த பக்கத்து எழுத்து தெரிவது போலத்தான். புது யுக்தி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஷ்பால்டேஹோல்ஸ் 1914-லேயே மெத்தில் சாலிசிலேட், பென்சில் பென்சோயேட் கொண்டு முழு உறுப்புகளைக் கண்ணாடியாக்கும் வழியை எழுதி வைத்துவிட்டார். சுமார் நூறு வருடம் கழித்துத்தான் வரிசையாகப் புது முறைகளின் பெயர்கள் வந்தன: 2012-இல் 3டிஸ்கோ, 2013-இல் கிளாரிட்டி, 2014-இல் ஐடிஸ்கோவும் கியூபிக்கும். நடுவில் வந்த ஒளிரும் புரதங்களும், பக்கவாட்டில் மெல்லிய ஒளித்தாளைப் பாய்ச்சும் மைக்ராஸ்கோப்பும்தான் அந்தப் பழைய யோசனையை மறுபடி எழுப்பின.

நாங்கள் பெரும்பாலும் ஐடிஸ்கோவின் வழியில் போகிறோம். மெத்தனாலில் நீரெடுத்தல், மெத்தனாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து இரவு முழுக்க வெளுக்கவைத்தல், திரும்பத் தண்ணீருக்கு இறக்கி ஆன்டிபாடி, மறுபடி மெத்தனால், டைகுளோரோமீத்தேன், கடைசியில் ஒளிவிலகல் எண் 1.56 வரும் ஒரு திரவம். வெளுப்பு ஏன் என்றால் ரத்தத்துக்காக. ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கும், தானாகவும் மினுங்கும். எலியின் இதயம் வழியாக உப்புக் கரைசலை ஓடவிட்டு ரத்தத்தை வெளியேற்றிய பிறகே உறுப்பை எடுத்தால் இந்தத் தலைவலியில் பாதி குறையும். ஈரலும் மண்ணீரலும் மட்டும் அப்போதும் அடம்பிடிக்கும்.

கடைசித் திரவத்துக்கு முன்பெல்லாம் டைபென்சில் ஈதர். பிளாஸ்டிக்கைக் கரைக்கும், லென்ஸின் பசையைத் தின்னும், நாளானால் பெராக்சைடு உண்டாகி ஒளிர்வையும் கெடுக்கும். இப்போது எத்தில் சின்னமேட்டுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். நச்சு குறைவு, வாசனையும் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயம்: ஃப்ரிட்ஜில் வைத்தால் உறைந்துவிடும். மாதிரியை 4 டிகிரியில் பத்திரமாக வைக்கும் பழக்கம் கையில் ஊறிப்போனவர்களுக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். டைகுளோரோமீத்தேன் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும் என்பதையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடலாம்.

இந்த முறைகளில் மிகவும் ஏமாற்றுவது ஆன்டிபாடிதான். அது பெரிய மூலக்கூறு, உள்ளே தானாகப் பரவித்தான் போக வேண்டும். பரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. சீவலுக்கு ஒரு இரவு போதும்; முழு உறுப்புக்கு ஒரு வாரமும் பத்தாமல் போகலாம். அவசரப்பட்டால் வெளி ஓரம் ஜொலிக்கும், நடு இருட்டாக இருக்கும். இந்த ஓர ஜொலிப்பை உயிரியல் என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. "இந்தப் புரதம் கட்டியின் வெளி விளிம்பில் மட்டும் இருக்கிறது" என்று ஒரு படத்தைக் காட்டினால், நான் உடனே கேட்பது, அதே மாதிரியில் எல்லாச் செல்லிலும் இருக்கவேண்டிய வேறொரு புரதத்துக்கு ஆன்டிபாடி போட்டீர்களா என்று. அதுவும் ஓரத்தில் மட்டும் ஒளிர்ந்தால் கதை முடிந்தது. இன்னொரு சோதனை, படம் எடுத்த மாதிரியை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்துக்கு மறுபடி அதே ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பது. முன்பு இருட்டாக இருந்த நடுப்பகுதி இப்போது ஒளிர்ந்தால், புரதம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது, ஆன்டிபாடிதான் போய்ச் சேரவில்லை.

எந்த நிறத்தில் போடுவது என்பதிலும் யோசனை தேவை. திசுவின் சொந்த மினுக்கம் நீலம், பச்சைப் பகுதியில்தான் அதிகம். முக்கியமான புரதத்துக்கு 647 என்ற எண்ணில் வரும் சாயம் போன்ற தொலைச்சிவப்பைக் கொடுத்து, பச்சைப் பகுதியைத் திசுவின் வடிவத்தைக் காட்ட விட்டுவிடுவேன். நீண்ட அலைநீளம் சிதறுவதும் குறைவு, ஆழத்தில் படம் தெளிவாக இருக்கும். எலியிலேயே ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதம் இருந்தால் மெத்தனாலும் கரைப்பான்களும் அதை மங்கவைத்துவிடும். ஜிஎஃப்பிக்கு எதிரான ஆன்டிபாடி போட்டு மீட்டெடுப்பதே நல்லது.

ஒளித்தாள் மைக்ராஸ்கோப்பில் மாதிரியை வைத்ததும் முதலில் தெரிவது முடி. ஆமாம், அதே முடி. ஒளி பக்கவாட்டில் வருவதால், வழியில் ஒரு முடியோ காற்றுக்குமிழியோ இருந்தால் அதற்கு அப்பால் படம் முழுக்க நீளமான கறுப்புக் கோடு விழும். ஒரு வாரம் ஊறவைத்து, விலையுயர்ந்த ஆன்டிபாடி ஊற்றி, கடைசியில் ஒரு முடி குறுக்கே கிடப்பதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோலைத் திறக்கும் முன் ஆல்கஹாலால் நனைப்பதை ஏன் வற்புறுத்துகிறேன் என்று புரிந்திருக்கும்.

சுருக்கமும் கவனத்தில் இருக்கட்டும். கரைப்பான் முறைகளில் திசு சுருங்கும், கியூபிக்கில் ஊதும். அதனால் இரண்டு முறைகளின் கன அளவுகளை நேரடியாக ஒப்பிட முடியாது. அப்புறம் அந்தச் சுழலும் முப்பரிமாணக் காணொளிகள். கருத்தரங்குகளில் எல்லோரும் காட்டுகிறார்கள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். கருப்புப் பின்னணியில் ஊதாவும் பச்சையுமாக உறுப்பு சுற்றும். அதிலிருந்து எடுத்த எண் ஒன்றுகூட அடுத்த ஸ்லைடில் இருக்காது. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் சேமித்துவைத்து அழகு பார்ப்பதைவிட, கார்மைன் ஸ்லைடில் முடிச்சிலிருந்து நுனி வரை ஒரு கோடு போட்டு அளப்பது மேல் என்பது என் கட்சி.

நீலச் சாயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் லாக்-இசட் மரபணு வைத்த எலிகளில் எக்ஸ்-கால் என்ற வேதிப்பொருளைப் போட்டால், அந்த மரபணு உண்டாக்கும் நொதி இருக்கும் இடம் நீலமாகும். நொதி உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் பதப்படுத்தலைக் குறைவாகவே வைக்க வேண்டும். சிறுநீரகம், குடல் போன்றவற்றில் எலியின் சொந்த நொதியும் நீலம் காட்டும்; அது அமிலச் சூழலை விரும்பும், பாக்டீரியாவிலிருந்து வந்தது நடுநிலையை. பிஹெச்சை 7-க்குக் கீழே நழுவவிடாமல், லாக்-இசட் இல்லாத உடன்பிறப்பு எலி ஒன்றையும் அதே கிண்ணத்தில் போட்டுவிட்டால் சண்டை வராது.

ஒரு எலியில் எத்தனை கேள்விக்குப் பதில் எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே திட்டமிடுவதும் இதே வேலையின் பகுதிதான். இடது நான்காவது முழுச்சாயத்துக்கு, வலது நான்காவதில் பாதி மெழுகுக்கு, மீதி ஆர்என்ஏவுக்கு. மூன்றாவதை உறையவைத்துவிடலாம். விலங்குப் பரிசோதனையின் நெறி பற்றி ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன குறைத்தல், அதாவது குறைவான விலங்குகளை வைத்தே பதில் பெறுவது, என்பது நெறிமுறைக் குழுவின் படிவத்தில் எழுதும் வாக்கியமாக மட்டும் நின்றுவிடாமல், இந்த மாதிரிப் பங்கீட்டில்தான் நடக்கிறது. எந்தப் பக்கம் எதற்கு என்பதைப் பரிசோதனை முடியும்வரை மாற்றக்கூடாது.

கார்மைன் ஸ்லைடுகள் நன்றாக மூடியிருந்தால் பல வருடம் அப்படியே இருக்கும். எங்கள் அலமாரியில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் செய்த பெட்டிகள் இருக்கின்றன. மொட்டின் எண்ணிக்கைக்காக அவர்கள் செய்ததை, புது எலி ஒன்றுகூடச் சாகாமல், கிளைக் கோணத்துக்காக நாங்கள் மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். அதில் ஒரு பெட்டியை மட்டும் பயன்படுத்த முடியவில்லை. சாயம் அருமை, விரிப்பு அருமை. ஆனால் யாரோ மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருக்கிறார்கள். ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கழுவிவிட்டன. எது எந்த எலி என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள்.